‘விண்டேஜ்’ காரா, வேஷம் போட்ட ஜிப்ஸியா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை அழைப்பு, ஃபோட்டோஷூட் என்று வாடகைக்கு விட ஒரு கார் பார்த்திருக்கிறேன். 1930-களின் ரோல்ஸ் ராய்ஸ் மாதிரியே இருக்கிறது. மாருதி ஜிப்ஸி மேல் பாடி கட்டியது என்று விற்பவரே சொல்கிறார். ஏழரை லட்சம் கேட்கிறார். பாண்டிச்சேரி ரெஜிஸ்ட்ரேஷன், “பேப்பர் எல்லாம் கிளியர்” என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வண்டியைப் பார்க்காமலேயே இதைச் சொல்லிவிடலாம், ஏனென்றால் சிக்கல் ஆர்.சி.யில் இருக்கிறது.

ஜிப்ஸி என்று ஒப்புக்கொண்ட மட்டில் விற்பவர் நேர்மையான ஆள்தான். அடுத்த முறை போகும்போது ஓர் இன்ச் டேப் எடுத்துப் போங்கள். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை அளந்து பாருங்கள். அதற்குப் பெயர் வீல்பேஸ். ஜிப்ஸிக்கு கம்பெனி வைத்தது 2,375 மில்லிமீட்டர். 1929-இல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் ஃபாண்டம் 2-க்கு 144 அல்லது 150 அங்குலம், அதாவது மூன்றரை மீட்டருக்கும் மேல். அந்த நீளமான பானெட் வர வேண்டுமென்றால் ஜிப்ஸியின் சேசிஸை (அடிச்சட்டத்தை) அறுத்து, நடுவில் இரும்பு சேர்த்து, வெல்டு வைத்து நீட்டியாக வேண்டும். உங்கள் டேப் மூன்று மீட்டரைத் தொடுகிறது, ஆர்.சி.யில் 2,375 என்று இருக்கிறது என்றால் அந்த ஆர்.சி. இந்த வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை. எடை, பாடி வகை, சீட் கணக்கு எல்லாம் அப்படியே இடிக்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைத்தான் தடுக்கிறது. தயாரித்த கம்பெனி குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் உரிமையாளருக்குத்தான். பட்டறைக்காரர் பணத்தை எண்ணிக்கொண்டு போய்விடுவார். கையெழுத்துப் போட்டு வாங்கிய நீங்கள் நிற்க வேண்டியிருக்கும்.

“விண்டேஜ் ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணிக்கலாம் சார்” என்று புரோக்கர் சொல்வார். 2021-இல் வந்த விதிப்படி முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய வண்டிக்குத்தான் அது கிடைக்கும். சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. ஜிப்ஸியே 1985-இல்தான் வந்தது, ஆக வயதும் பத்தாது, பாடியும் போச்சு. எல்லாம் சரியாக இருந்து பதிவே கிடைத்தாலும், விண்டேஜ் நம்பர் போட்ட வண்டியை வாடகைக்கு விட முடியாது.

சரி, ஜிப்ஸியாகவே இருக்கட்டும் என்றால்? வெள்ளை நம்பர் பிளேட் வண்டியைக் காசுக்கு ஓட்டுவது பெர்மிட் இல்லாமல் டாக்ஸி ஓட்டுவதுதான். அதைவிடப் பெரிய பயம் இன்ஷூரன்ஸ். சொந்த உபயோக பாலிசியில் வாடகைக்கு ஓட்டினால் பொறுப்பில்லை என்று தெளிவாகவே எழுதியிருப்பார்கள். ஊர்வலத்தில் இருபது பேர் வண்டியை உரசிக்கொண்டு நடக்கிறார்கள். பிரேக் பிடிக்காமல் ஒருவர் காலில் ஏறினால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அவருக்கு இழப்பீடு கொடுத்தாலும் அதை உங்களிடமே திருப்பி வசூலிக்க வழி இருக்கிறது. உங்கள் கடை, வீடு எல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிடும்.

பிரேக் என்று சும்மா சொல்லவில்லை. ஜிப்ஸியின் பிரேக் சுமார் ஒரு டன் வண்டிக்குக் கணக்குப் பார்த்து வைத்தது. அதன் தலையில் ஆங்கிள், தகடு, ஃபைபர், கிலோ கணக்கில் பட்டி என்று ஏற்றினால் எடை எங்கேயோ போய்விடும். முன்னால் உயரமாக, கோயில் முகப்பு மாதிரி பளபளவென்று ஒரு கிரில் இருக்கிறதே, அது வெறும் அலங்காரம். அதன் பின்னால், கீழே ஒளிந்தாற்போல ஜிப்ஸியின் சின்ன ரேடியேட்டர் உட்கார்ந்திருக்கும். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஃபர்ஸ்ட் கியரில் அரை மணி நேரம் ஊர்ந்தால் அதற்குக் காற்றே போகாது. மே மாத முகூர்த்தத்தில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அந்த பாண்டிச்சேரி ரெஜிஸ்ட்ரேஷன். முள்ளோடை எல்லை தாண்டினால் நம்ம ஊர்தானே என்று நினைக்காதீர்கள். வண்டியை 12 மாதத்துக்கு மேல் கடலூரில் வைத்திருந்தால் என்ஓசி வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். மறுபதிவுக்கு வண்டியைக் காட்டியாக வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரைத் தேடிக் குனியும்போதே கதை முடிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. ஏமாந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று எண்ணியிருந்தால், அந்தக் கதவும் உங்களுக்குப் பாதிதான் திறந்திருக்கிறது. வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காக வாங்கியவருக்கு விலக்கு உண்டு. கடை நடத்திக்கொண்டே உபரி வருமானத்துக்கு டிரைவர் போட்டு ஓட்டுகிறவர் அந்த விலக்கைக் கேட்டால் எதிர்த் தரப்பு வக்கீலுக்கு வேலை சுலபம். மிச்சம் சிவில் வழக்கும் போலீஸ் புகாரும்தான். விற்பவர்தான் ஜிப்ஸி என்று முதலிலேயே சொல்லிவிட்டாரே, மோசடி என்று எப்படிப் புகார் எழுதுவீர்கள்?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். மகள் ரிசப்ஷனுக்கு “1934 ஒரிஜினல் விண்டேஜ் கார், மாலையில் பீச் ரோட்டில் ஓப்பன் ரைடு” என்று வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினார்கள். வாடகை 18,000 ரூபாய். 10,000 ரூபாய் ஜிபேயில் அட்வான்ஸ் கொடுத்தேன். வந்தது ஃபைபர் பாடி வண்டி. பீச் ரோட்டில் உள்ளே விடவில்லை. திரும்பும் வழியில் சூடாகி நின்றுவிட்டது. அட்வான்ஸைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முன் கேள்விக்காரரைப் போல இல்லாமல் உங்கள் நிலைமை பலமானது. வீட்டு விசேஷத்துக்குச் சேவை வாங்கியவர் நீங்கள், நூற்றுக்கு நூறு நுகர்வோர். இல்லாத வண்டியைச் சொல்லிப் பணம் வாங்கியது முறையற்ற வணிகம், வந்த வண்டி நின்றுபோனது சேவைக் குறைபாடு, இரண்டையும் எழுதுங்கள். பீச் ரோட்டில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடுவதில்லை என்பது புதுச்சேரியில் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தே அந்த ரைடை விற்றிருக்கிறார்கள் என்பதையும் விடாமல் சேருங்கள். (உங்களுக்கும் தெரிந்திருக்குமே என்று ஒரு கேள்வி வரும். “ஸ்பெஷல் பர்மிஷன் இருக்கு” என்று அவர்கள் சொல்லியிருந்தால் அந்த மெசேஜைத் தேடிப் பிடியுங்கள்.)

இன்றைக்கே செய்ய வேண்டியது, அந்த வாட்ஸப் உரையாடலை முழுசாக எடுத்து வைப்பது. போட்டோ, “1934” என்று எழுதிய மெசேஜ், ஜிபே ரசீது, வண்டி நின்ற இடத்தில் யாராவது எடுத்த வீடியோ, எல்லாம். கல்யாண வீடியோகிராபரிடம் கேளுங்கள், அவரிடம் நிச்சயம் இருக்கும், ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டிருப்பார். அந்த வீடியோவில் நம்பர் பிளேட் தெரிந்தால் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போடுங்கள். எந்த கம்பெனி, எந்த மாடல், எப்போது பதிவான வண்டி என்று வந்துவிடும். “1934” பொய் என்பதற்கு அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும்.

அடுத்து, பதினைந்து நாள் கெடு கொடுத்து ரெஜிஸ்டர்டு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பல பேர் இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் தந்துவிடுவார்கள். தராவிட்டால் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். அவர்கள் வேறு ஊர்க்காரர்களாக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போட 2019 சட்டம் இடம் கொடுக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அட்வான்ஸும், ஓரளவு நஷ்ட ஈடும், வழக்குச் செலவும் எதிர்பார்க்கலாம்.

கேள்வி: பண்ருட்டியிலிருந்து எழுதுகிறேன். புக் செய்வதற்கு முன் வண்டி நிஜப் பழசா, பாடி கட்டியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஃபைபரில் ஒட்டாது, உண்மை. ஆனால் அந்தக் காலத்து விலையுயர்ந்த கார்கள் பலவற்றுக்கு அலுமினியத்தில்தான் பாடி கட்டினார்கள், அதிலும் ஒட்டாது. ஆகவே காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபாண்டம் 2-இல் 7,668 சிசி, ஆறு சிலிண்டர் இன்ஜின், பானெட்டுக்குள் இருக்கும் இடத்தை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும். கட்டிய வண்டியில் திறந்தால் ஒரு பெரிய காலி இடம், அதன் மூலையில் 1,298 சிசி மாருதி இன்ஜின் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. திறக்க மாட்டேன் என்றாலும் பதில் கிடைத்த மாதிரிதான். பிறகு டிரைவர் சீட் பக்கம் எட்டிப் பாருங்கள். பெடலின் ரப்பர், சாவி போடும் இடம், இண்டிகேட்டர் ஸ்விட்ச், கியர் குமிழில் ஐந்து வரை போட்ட எண்கள், இதையெல்லாம் மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. வெளியே ஸ்போக்ஸ் சக்கரம் மாதிரி தெரிந்தால் தட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் அது பிளாஸ்டிக் மூடி.

ஃபைபர் வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போட்டோவில் நன்றாகத்தான் வரும். அந்த விலைக்குப் பேசுங்கள். “ரெப்ளிகா” என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். மண்டப வாசலில் நிறுத்திப் படம் எடுப்பதோடு விடுங்கள், ரோட்டில் ஊர்வலம் வேண்டாம்.

கேள்வி: முத்தியால்பேட்டையில் அப்பாவின் 1968 ஃபியட் 1100 ஓடும் நிலையில் இருக்கிறது. இதையே 1930 மாடலாக பாடி மாற்றித் தருகிறேன், நல்ல விலை போகும் என்கிறார் ஒரு மெக்கானிக். செய்யலாமா?

பதில்: ஐயோ, அந்த மெக்கானிக்கை வண்டிப் பக்கமே விடாதீர்கள்! உங்கள் வண்டி 50 ஆண்டு தாண்டியது. பாடியும் இன்ஜினும் அப்படியே இருந்தால் விண்டேஜ் பதிவுக்கே தகுதி உண்டு. அந்தப் பதிவு பத்து ஆண்டு செல்லும். பாடியை அறுத்த நிமிடம் அந்தத் தகுதி போய்விடும், விலையும் கூடவே போகும்.

ஆனால் அவசரப்பட்டு விண்டேஜ் நம்பர் வாங்கவும் வேண்டாம். அது வாங்கினால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் என்று குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டுமே வண்டியை ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்கார வைத்து மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போகிறவர் என்றால், இப்போதுள்ள சாதாரணப் பதிவை எஃப்.சி. காட்டிப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: வெளிநாட்டில் கம்பெனிகளே இப்படிப் பழைய தோற்றத்தில் கார் செய்து விற்கின்றனவாமே? அங்கே சரி, இங்கே மட்டும் ஏன் தப்பு? (கடலூர் முதுநகர், கல்லூரி மாணவர்)

பதில்: விற்கிறார்கள். அமெரிக்காவில் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வடிவமைத்த எக்ஸ்காலிபர் 1964-இல் வந்தது. பார்க்க 1920-களின் மெர்சிடிஸ், அடியில் ஸ்டூடிபேக்கர் கம்பெனியின் சேசிஸ். ஜிம்மர் கம்பெனி ஃபோர்டு மஸ்டாங்கை நீட்டி ‘கோல்டன் ஸ்பிரிட்’ செய்தது. ஜப்பானின் மிட்சுவோகா 1993-லிருந்து நிசான் மார்ச்சின் மேல் பழைய ஜாகுவார் முகத்தை வைத்து ‘வியூட்’ என்று விற்றது. நிசான் மார்ச் என்றால் நம்ம ஊர் மைக்ராதான்.

அழகா இல்லையா என்பது அவரவர் ரசனை, எனக்கு வியூட் பிடிக்கும், ஜிம்மர் கொஞ்சம் ஓவர். ஆனால் அவர்கள் தங்கள் சொந்தப் பெயரில், அதற்கு என்ன விலையோ அந்த விலையில், இது இன்னதுதான் என்று சொல்லி விற்றார்கள். யாரும் வியூட்டை ஜாகுவார் என்று நினைத்து வாங்கவில்லை. இங்கேயும் ஒரு கம்பெனி மாதிரி வண்டியை அரசு அங்கீகரித்த சோதனை மையத்தில் கொடுத்துச் சான்று வாங்கி, தன் பெயரிலேயே ஆர்.சி. வரும்படி விற்றால் தாராளமாக ஓட்டலாம். அதற்கு ஆகும் செலவு, பட்டறையில் ஒரு வண்டி இரண்டு வண்டி கட்டுகிறவருக்குக் கட்டுபடியாகாது.