பியானோ டோன் பாதியிலேயே ஆர்கன் மாதிரி ஆகிடுதே, ஏன்?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "புதுசா ஒரு டிஜிட்டல் கீபோர்டு வாங்கினேன். பியானோ வாய்ஸ்ல ஒரு பாஸ் நோட்டை அழுத்திப் பிடிச்சா முதல் ரெண்டு செகண்டு அருமையா இருக்கு, அப்புறம் உயிரே இல்லாம ஆர்கன் மாதிரி 'ங்ங்ங்'னு இழுக்குது. சாம்பிள் மெமரி (ரெக்கார்டு பண்ண ஒலிகளை வைக்கிற இடம்) 64 எம்பின்னு போட்டிருக்காங்க. ஃப்ரெண்டு கம்ப்யூட்டர்ல வச்சிருக்கிற பியானோ மட்டுமே 30 ஜிபி. ஜிபி அதிகமா இருந்தாதான் நல்ல டோனா? நானே ஒரு ஃப்ளூட் நோட்டை ரெக்கார்டு பண்ணி லூப் போட்டுப் பாத்தேன், டிக் டிக்னு சத்தம் வருது, என்ன பண்றது?"

முதல்ல பயப்படாதீங்க, கீபோர்டுல ஒரு பழுதும் இல்ல. உங்க காது லூப்பை, அதாவது ஒரு சின்ன ஒலித் துண்டையே திரும்பத் திரும்ப ஓட்டுறதைப் புடிச்சிடுச்சு, அவ்வளவுதான்.

ஏன் லூப் போடுறாங்கன்னு ஒரு சின்ன கணக்கு போட்டா புரிஞ்சிடும். சிடி தரத்துல ரெக்கார்டு பண்ணா ஒரு செகண்டுக்கு 44,100 சாம்பிள் (இங்க சாம்பிள்னா ஒலி அலையை அளந்த ஒரு புள்ளி), ஒவ்வொண்ணும் 16 பிட் அதாவது 2 பைட், ஸ்டீரியோன்னா அதுல ரெண்டு மடங்கு, ஆக செகண்டுக்கு 1,76,400 பைட். 88 கீயையும் சராசரியா 15 செகண்டு ரெக்கார்டு பண்ணா கிட்டத்தட்ட 233 எம்பி வந்துடும். அதுவும் ஒரே ஒரு அழுத்தத்துக்கு. மெதுவா, நடுத்தரமா, பலமா, இடி மாதிரின்னு நாலு லேயர் வச்சா 930 எம்பி தாண்டிடும். உங்க கீபோர்டுல அந்த 64 எம்பிக்குள்ள பியானோ மட்டுமா இருக்கு? டிரம்ஸ், ஸ்டிரிங்ஸ், பிராஸ், கிட்டார்னு எல்லாமே அதுக்குள்ளதான் குடித்தனம் பண்ணுது. அதான் நோட்டோட ஆரம்பத்தை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்துக்கு லூப் போடுறாங்க.

பழைய கதையைக் கேட்டா இன்னும் ஆச்சரியமா இருக்கும். 1988ல வந்த கோர்க் எம்1ங்கிற கீபோர்டுல மொத்த சாம்பிள் மெமரியே 4 எம்பிதான், சிடி தரத்துல மோனோவா கணக்கு போட்டாக்கூட 48 செகண்டு ஓடாது, அதை வச்சுக்கிட்டுதான் ஒரு தலைமுறையே ஆல்பம் ஆல்பமா வாசிச்சுத் தள்ளுச்சு. அதுக்கு முன்னாடி வருஷம் வந்த ரோலண்ட் டி-50ங்கிற கீபோர்டு இன்னும் கெட்டிக்காரத்தனம் பண்ணுச்சு: நோட்டோட ஆரம்பத்துல வர்ற தட்டல், உரசல், ஊதல் இதை மட்டும் சாம்பிளா, அதாவது ரெக்கார்டு பண்ண ஒலித் துண்டா வச்சுக்கிட்டு பின்னாடி வர்றதை சிந்தசைசர்லயே உருவாக்கிடுச்சு. காது ஒரு கருவியை அடையாளம் கண்டுபிடிக்கிறதுல பெரும்பங்கு அந்த ஆரம்ப நொடிக்குதான், அது அசலா இருந்தா மிச்சத்தை மனசு நிரப்பிக்கும்.

இப்ப உங்க 'ங்ங்ங்' விஷயத்துக்கு வருவோம். லூப்னா, ஆரம்பத்தை அப்படியே ஓடவிட்டு, ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் அங்கேர்ந்து கொஞ்சம் பின்னாடி இருக்கிற புள்ளிக்குத் தாவி, அந்தத் துண்டையே செக்கு மாடு மாதிரி திரும்பத் திரும்பச் சுத்த வைக்கிறது. நிஜ பியானோவுல ஒரு நோட்டு செத்துக்கிட்டே இருக்கும்போதும் மாறிக்கிட்டே இருக்கும். மேல்ஸ்தாயி ஹார்மோனிக் (நோட்டோட அடிப்படை ஒலிக்கு மேல கூடவே கேக்குற துணை ஒலிகள்) எல்லாம் சீக்கிரம் தேயும், ஒரே நோட்டுக்கு இருக்கிற ரெண்டு மூணு கம்பிகள் ஒரு நூலிழை ஸ்ருதி வித்தியாசத்துல அலைபாயும். அதோட கம்பி விறைப்பா இருக்கிறதால அதோட ஹார்மோனிக்குகள் அடிப்படை அதிர்வெண்ணுக்கு மிகச்சரியான 2, 3, 4 மடங்குல இருக்காது, கொஞ்சம் கொஞ்சமா மேல விலகிப் போகும். லூப் என்ன பண்ணுது? அச்சு அசலா திரும்ப வர்ற எந்த அலையிலயும் லூப் வேகத்தோட முழு மடங்குகள் மட்டும்தான் இருக்க முடியும், இது கணிதம், தப்பிக்கவே முடியாது. லூப் ஒரே ஒரு அலை நீளத்துக்குச் சின்னதா இருந்தா எல்லா ஹார்மோனிக்கும் கம்பு வச்சுக் கட்டின மாதிரி நேரா நின்னுடும், அலைபாயுறதும் போயிடும், அதான் ஆர்கன் வாடை. அப்புறம் சத்தத்தைக் குறைக்கிறதும் ஃபில்டரை மூடி மேல்ஸ்தாயி ஒலியை மங்க வைக்கிறதும் கீபோர்டு செயற்கையா பண்றதுதான். பாஸ்ல ஏன் அதிகமா தெரியுதுன்னா, அங்க நோட்டு ரொம்ப நேரம் ஒலிக்கும், ஹார்மோனிக்கும் ஏராளம். கடைசி சி நோட்டு, 4,186 ஹெர்ட்ஸ், அது லூப் வர்றதுக்குள்ளயே செத்துடும்.

30 ஜிபி எப்படி சாத்தியமாச்சுன்னா, 1998ல வந்த கிகாசாம்ப்ளர்ங்கிற சாஃப்ட்வேர் ஒவ்வொரு சாம்பிளோட தலையை மட்டும் ரேம்ல வச்சுக்கிட்டு உடம்பை ஹார்டு டிஸ்க்லேர்ந்து ஓடிக்கிட்டே படிக்கிற வழியைக் கொண்டாந்துச்சு, லூப்பே இல்லாம முழு நோட்டையும் வைக்க முடிஞ்சுது. ஆனா அந்த 30 ஜிபியைப் பிரிச்சுப் பாத்தீங்கன்னா நாலஞ்சு மைக் பொசிஷன், பெடல் போட்டு தனியா ஒரு தடவை, போடாம ஒரு தடவை, 24 பிட், இப்படிப் போகும். நீங்க ஒரே மைக் பொசிஷன்தான் போடுவீங்கன்னா மிச்சம் எல்லாம் டிஸ்க்ல தூங்குது. பியானோடெக்னு ஒண்ணு இருக்கு, அது சாம்பிளே இல்லாம கம்பி, சுத்தியல், பலகை எல்லாத்தையும் கணக்குப் போட்டே ஒலிக்குது, சில பத்து எம்பிதான். அதனால எம்பியை வச்சு டோனை எடை போடாதீங்க, எந்த இடத்துல அந்த எம்பியைச் செலவு பண்ணிருக்காங்கன்னு பாருங்க.

எப்படிப் பாக்குறது? ரிவெர்ப், கோரஸ் எல்லாத்தையும் அணைச்சுட்டு ஹெட்போன்ல ஒரு பாஸ் நோட்டை 20 செகண்டு பிடிங்க, லூப் எந்த செகண்டுல ஆரம்பிக்குதுன்னு எண்ணுங்க. அப்புறம் ஒரே அழுத்தத்துல ஒவ்வொரு கீயா ஏறுங்க, எங்க டோன் திடீர்னு குதிக்குதோ அங்க அடுத்த சாம்பிள் தொடங்குது. பேண்டோட வாசிக்கிறவங்களுக்கு இதெல்லாம் காதுலயே விழாது, சொல்லப்போனா அங்க 64 எம்பி பியானோதான் மத்த கருவிகளுக்கு நடுவுல நல்லா தனிச்சுக் கேக்கும். தனியா மெதுவா வாசிச்சு ரெக்கார்டு பண்றவருன்னா கம்ப்யூட்டர்ல இருக்கிற சாஃப்ட்வேர் பியானோவை எம்ஐடிஐல (எந்த கீயை எப்படி அழுத்தினீங்கன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற இணைப்பு) இணைச்சுக்கோங்க, கீபோர்டை மாத்த வேண்டாம்.

ஃப்ளூட் டிக் விவகாரம். லூப் முடியுற இடத்துல அலை இருக்கிற உயரமும், ஆரம்பிக்கிற இடத்துல இருக்கிற உயரமும் ஒண்ணா இல்லன்னா அது படியேறி விழுற மாதிரி, அதான் டிக். ரெண்டு புள்ளியையும் அலை பூஜ்ஜியக் கோட்டைத் தாண்டுற இடத்துல, ரெண்டுமே ஒரே திசையில, அதாவது கீழேர்ந்து மேல போற மாதிரி வைங்க. ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு வச்சா டிக் போகாது, பல பேர் இங்கதான் தடுக்கி விழுறாங்க.

அடுத்து நீளம். 440 ஹெர்ட்ஸ் ஏ நோட்டோட ஒரு அலை 44.1 கிலோஹெர்ட்ஸ்ல 100.23 சாம்பிள் புள்ளி, ஆனா லூப் முழு எண்ணாதான் இருக்கணும்னா 100க்கு வெட்டுவீங்க, ஸ்ருதி 441க்கு ஏறிடும், கிட்டத்தட்ட 4 சென்ட் (ஒரு செமிடோன், அதாவது பக்கத்து கீக்குப் போற அரை ஸ்வரத்துல நூத்துல ஒரு பங்குதான் ஒரு சென்ட்), லூப் தொடங்கினதும் காது சுளிக்கும். பத்து அலை எடுத்து 1,002 சாம்பிள் வச்சா வித்தியாசம் அரை சென்ட் கூட இல்ல. ஆனா ஃப்ளூட்டுக்கு அதுவும் பத்தாது, மூச்சுக்காத்தும் வைப்ரேட்டோவும் (நோட்டு லேசா ஆடுற ஆட்டம்) இருக்கே, செகண்டுக்கு அஞ்சாறு ஆட்டம் வரும், அதுல ஒரே ஒரு ஆட்டத்தை லூப் பண்ணா ரோபோ ஊதுற மாதிரி இருக்கும். அட்டாக்கை, அதாவது நோட்டு தொடங்குற சத்தத்தைத் தாண்டி ஒரு செகண்டு கழிச்சு ஆரம்பிச்சு ரெண்டு செகண்டாவது ஓடுற லூப் எடுங்க, லூப்புக்குள்ள ஆட்டங்கள் பாதியில வெட்டுப்படாம முழுசு முழுசா இருக்கணும், ரெண்டு முனையிலயும் சத்த அளவு சமமா இருக்கணும், இல்லன்னா முதல்ல வால்யூமை நேராக்கிட்டு அப்புறம் வெட்டுங்க. கடைசியா கிராஸ்ஃபேட், அதாவது லூப்போட முடிவையும் ஆரம்பத்தையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைச்சு இணைக்கிறது. நடுவுல சத்தம் பள்ளமா விழுந்தா நேர்கோட்டு வகையை விட்டுட்டு ஈக்வல் பவர்ங்கிற வகையைப் போடுங்க, புடைச்சா திருப்பி நேர்கோட்டுக்கு வாங்க. சவுண்ட்ஃபாண்ட் (சாம்பிள்களைக் கட்டி வைக்கிற ஒரு ஃபைல் வகை) பண்றீங்கன்னா பாலிஃபோன்னு இலவச எடிட்டர் இருக்கு, லூப் புள்ளியைக் கண்ணால பாத்தே நகர்த்தலாம்.

ஒண்ணு மட்டும், ஒரே நோட்டை வச்சு முழு கீபோர்டையும் ஓட்டிடாதீங்க. நாலு செமிடோன் மேல தள்ளினாலே வைப்ரேட்டோ 1.26 மடங்கு வேகமாகிடும், ஒரு ஆக்டேவ்னா ரெண்டு மடங்கு, லூப்பும் பாதி நேரத்துல சுத்தும். மூணு செமிடோனுக்கு ஒரு நோட்டுன்னு ஊதி ரெக்கார்டு பண்ணிடுங்க, ரெண்டு ஆக்டேவுக்கு ஒன்பது நோட்டு போதும், ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிடும்.