அதிகம் சுடாத ரைஃபிள் என்றால் உள்ளே நன்றாக இருக்குமா?

கேள்வி: தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சி எடுக்கிறாள். 2013-இல் தயாரான ஜெர்மன் ரைஃபிள் ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. காற்றுச் சிலிண்டர் மாட்டும் வகை. "அதிகம் சுடாத துப்பாக்கி சார், உள்ளே எல்லாம் ஸ்டீல், இன்னும் இருபது வருஷம் தாங்கும்" என்கிறார் வாங்கித் தருபவர். நம்பலாமா?

பதில்: ஸ்டீலைப் பற்றி அவர் சொன்னது சரிதான். ஆனால் உங்களுக்குச் செலவு வைக்கப்போவது ஸ்டீல் இல்லை.

இந்த வகை ரைஃபிளில் வெடிமருந்து எரிவதில்லை. அதனால் குழலுக்குள் சூடும் கிடையாது, கரியும் கிடையாது. அரை கிராம் சொச்சம் எடையுள்ள ஈய பெல்லட் வினாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது, அவ்வளவுதான். அந்த மென்மையான ஈயம் குழலைத் தேய்த்துவிடாது. உள்ளே இருக்கும் சுத்தியல், அதன் ஸ்பிரிங், டிரிகரின் கொக்கி எல்லாம் உங்கள் மகள் கல்லூரி முடித்த பிறகும் வேலை செய்யும். யாரும் கழற்றி அரம் போட்டு "லேசாக்கி" வைத்திருக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. டிரிகர் பக்கத்து ஸ்க்ரூத் தலைகள் சிதைந்திருந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டாம்.

சீக்கிரம் வீணாவது ரப்பர். சிலிண்டர் மாட்டும் இடம், ரெகுலேட்டர், வால்வு என்று ஒவ்வொன்றிலும் காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங் இருக்கிறது. இங்கேதான் அந்த "அதிகம் சுடாதது" என்ற பேச்சு ஆளைக் கவிழ்க்கிறது. ஸ்டீல் பாகம் எத்தனை முறை சுட்டோம் என்பதைப் பொறுத்துத் தேயும். ஓ-ரிங் வருஷக் கணக்கில் கெடும். பரணில் கிடந்த குக்கரின் கேஸ்கட்டை எடுத்துப் பாருங்கள், ஒரு நாளும் சமைக்காவிட்டாலும் விறைத்துப் போயிருக்கும். அழுத்தம் ஏற்றாமல் அலமாரியில் வருஷக் கணக்காகக் கிடந்த ரைஃபிளைவிட, தினமும் பயிற்சியில் இருந்து, வருஷா வருஷம் சர்வீஸ் பார்த்த ரைஃபிளை நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன். சுடாமல் கிடந்ததற்காக ஒருவர் விலையை ஏற்றினால், அதே காரணத்தைச் சொல்லி நீங்கள் குறைத்துக் கேட்கலாம். இதற்கு ஒரே விதிவிலக்கு, முந்தைய சொந்தக்காரர் சுடாத காலத்திலும் சிலிண்டரில் கொஞ்சம் அழுத்தம் இருக்கும்படி வைத்து, ஓ-ரிங்குகளைக் காலாகாலத்தில் மாற்றி, அதற்கு ரசீது வைத்திருப்பது. வாய்ச்சொல் கணக்கில் வராது. ரசீதில் தேதி இருக்க வேண்டும், என்னென்ன மாற்றினார்கள் என்று இருக்க வேண்டும், ரைஃபிளின் எண்ணும் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் "அதிகம் சுடாதது" என்பதற்கு மதிப்பு உண்டு.

கசிவை நீங்களே பார்க்கலாம். சிலிண்டரை மாட்டி, அதன் அழுத்தம் காட்டும் கேஜில் உள்ள அளவைக் குறித்துவிட்டு ஒரு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் கழற்றி, தனியாக ஒரு நாள் வைத்துப் பாருங்கள். மாட்டியிருக்கும்போது மட்டும் இறங்கினால் கோளாறு ரைஃபிளுக்குள். தனியாக வைத்தும் இறங்கினால் சிலிண்டர் வால்வில். குழல் வாயில் காற்று சீறும் சத்தம் கேட்டால் வால்வு சீட் (வால்வு அமர்ந்து மூடும் இடம்) போயிருக்கிறது. இவையெல்லாம் சரிசெய்யக் கூடியவை, பயப்பட வேண்டாம். ஓ-ரிங்கை மட்டும் கம்பெனி கிட்டாகவே வாங்குங்கள். பாரிமுனைப் பக்கம் எல்லா அளவிலும் ஓ-ரிங் கிடைக்கும், ஆனால் அளவு பொருந்தினால் போதாது, கடினமும் பொருந்த வேண்டும். சாதாரணமாக விற்கும் மென்மையான வளையம் உயர் அழுத்தத்தில் இடுக்கில் பிதுங்கிக் கிழிந்துவிடும்.

இப்போது சிலிண்டர். உங்கள் கேள்வியில் 2013 என்று படித்ததும் நான் நின்ற இடம் இதுதான். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் (ISSF) விதிப்படி ஏர் சிலிண்டருக்கு அதிகபட்சம் 10 ஆண்டுதான் ஆயுள், அதைப் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு. தயாரான மாதமும் வருஷமும் சிலிண்டர் மேலேயே பொறித்திருக்கும். ரைஃபிளோடு வந்த சிலிண்டர் என்றால் 2023-லேயே காலம் முடிந்துவிட்டது. போட்டியில் துப்பாக்கியைச் சரிபார்க்கும் சோதனை மேசையிலேயே மகளைத் திருப்பி அனுப்பலாம். அதைவிடப் பெரிய கவலை எனக்கு உண்டு. சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம் 200 பார் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 200 கிலோ தள்ளுகிறது. சுடும்போது அந்தச் சிலிண்டர் குழந்தையின் முகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று யோசியுங்கள்.

"டேட்டெல்லாம் சும்மா, டெஸ்ட் பண்ணி வைத்திருக்கிறோம்" என்பார்கள். எங்கே செய்தார்கள் என்று கேளுங்கள். நம் நாட்டு எரிவாயு சிலிண்டர் விதிகள் 2016, 500 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவைத்தான் சிலிண்டர் என்கின்றன. ரைஃபிள் சிலிண்டர் அதைவிடச் சின்னது. சோதனை நிலையத்துக்கு எடுத்துப் போனால் "இது எங்கள் வேலை இல்லை" என்கிறார்கள். பிள்ளைகள் கையில் 200 பார் கொடுக்கும் ஒரு விளையாட்டுக்குச் சோதித்துச் சான்று தர ஒரு ஏற்பாடு இல்லை, எத்தனை வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! அந்த இடைவெளியில்தான் புரோக்கர் பிழைக்கிறார். தேதி மேல் ஸ்டிக்கரோ புது பெயின்ட்டோ தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். காற்று நிரப்ப ஸ்கூபா டேங்க் (கடலில் மூழ்குபவர்களின் காற்று டேங்க்) தேடி அலுத்துப்போய், பக்கத்து வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜனை நிரப்பித் தருகிறேன் என்று யாராவது முன்வருவார்கள். வடசென்னையில் பட்டறைக்குப் பஞ்சமில்லை. கூடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன், துளி எண்ணெய் பட்டாலும் தீப்பிடித்து வெடிக்கும். காற்று மட்டும்தான் நிரப்ப வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் காற்றோடு சேர்ந்தாலும் எண்ணெய் ஆபத்துதான், அதனால் தையல் மெஷின் எண்ணெயும் உள்ளே போகக் கூடாது, கம்பெனி சொன்ன சிலிக்கான் கிரீஸ் போதும். கைப்பம்பில் அடித்தால் ஈரம் வடிக்கும் ஃபில்டர் கட்டாயம். காசிமேடு, ராயபுரம் பக்கத்துக் காற்றில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்து வருகிறது. ஃபோம் பெட்டிக்குள் மாதக் கணக்கில் பூட்டி வைத்தால் அந்த ஃபோமே ஈரத்தை உறிஞ்சி ரைஃபிளைத் துருப்பிடிக்க வைக்கும்.

சிலிண்டர் இல்லாமல் ஸ்பிரிங் விசையில் சுடும் பழைய வகை ரைஃபிளுக்கு இவை பொருந்தாது.

லைசன்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று அவர் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 4.5 மில்லி மீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத சக்தியும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு ஆயுத விதிகள் 2016-இன்படி லைசன்ஸ் தேவையில்லை. போட்டிக்கான இந்த வகை ரைஃபிளின் சக்தி 7, 8 ஜூலைத் தாண்டுவதில்லை. கேட்க வேண்டியது, முறையாக இறக்குமதி ஆனதற்கான காகிதம்.

வாங்கலாமா என்றால், குழலும் டிரிகரும் யாரும் கைவைக்காமல் இருந்தால் வாங்கலாம். புதுச் சிலிண்டரின் விலையையும் ஓ-ரிங் கிட், சர்வீஸ் செலவையும் அவர் சொல்லும் தொகையிலிருந்து கழியுங்கள். மிச்சத்துக்கு அவர் சம்மதித்தால் பழைய சிலிண்டரை அவரிடமே திருப்பிக் கொடுக்காதீர்கள். காற்றை முழுதும் வெளியேற்றி, சர்வீஸ் செய்பவரிடம் சொல்லி இரண்டாக அறுத்துவிடுங்கள். இல்லையென்றால் அது வேறொரு வீட்டுப் பிள்ளையின் ரைஃபிளில் ஏறிவிடும்.