வாசகர் கடிதம்: பின்முத்தத்து செங்கல் ரூம்

அக்கா வணக்கம். போன மாசம் நீங்க பிரிட்டன் அரசாங்கத்தோட இலவச வைத்திய சேவை, அதாங்க என்.எச்.எஸ், ஆரம்பிச்ச கதைய எழுதினத படிச்சேன். நான் மூணு வருஷமா வட இங்கிலாந்துல, கிழக்கு லங்காஷயர்ல ஒரு சின்ன ஊர்ல இருக்கேன். வரிசை வீடு, நூறு வருஷத்துக்கு மேல பழசு. பின்னாடி முத்தத்துல சின்னதா ஒரு செங்கல் ரூம் இருக்கு, நாங்க சைக்கிள் போட்டு வச்சிருக்கோம். அதுதான் கக்கூஸ்னு பக்கத்து வீட்டு பாட்டி சொல்றாங்க. எண்பது வயசு தாண்டினவங்க, 1964ல கல்யாணமாகி இந்த தெருவுக்கு வந்தாங்களாம், அப்பவும் அதுதானாம். குளிர்காலத்துல பைப் உறையாம இருக்க உள்ள ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கு ஏத்தி வைப்பாங்களாம், நியூஸ்பேப்பர சதுரமா வெட்டி ஆணில குத்தி வச்சிருப்பாங்களாம். 1948லயே எல்லாருக்கும் இலவச வைத்தியம் குடுத்த நாடு 64ல ஜனங்கள பனில வெளிய போக விட்டுச்சா? என்.எச்.எஸ் வந்ததும் எல்லாம் சரியாயிடுச்சுன்னுதானே உங்க கட்டுரைல இருந்துச்சு? பேர் போட வேண்டாம் அக்கா.

---

தம்பி,

பாட்டி சொல்றது அப்படியே நிஜம். என் கட்டுரை பாதிதான் சொல்லுச்சு, நீங்க கேட்டது நல்லதாப் போச்சு. அந்தக் கட்டுரைக்காக நான் பழைய ஹெல்த் ஆபீசர் ரிப்போர்ட்டுகள ஒரு மழைக்காலம் முழுக்க உக்காந்து படிச்சேன், படிச்சதுல முக்காவாசி கட்டுரைக்குள்ள வரவே இல்ல, வராமப் போனது முழுக்க இந்த செங்கல் ரூம் விஷயம்தான்.

உங்க ஊர் பேர நீங்க சொல்லல. ஆனா அந்தப் பக்கம் கிரேட் ஹார்வுட், ஆஸ்வால்ட்விசில், பேடிஹம், பிரையர்ஃபீல்ட் எல்லாமே 1974 வரைக்கும் அர்பன் டிஸ்ட்ரிக்ட். 1894 சட்டத்துல பொறந்து 1974 ஏப்ரல் 1ல முடிஞ்சுபோன குட்டி நகர கவுன்சில்கள். ஒவ்வொரு கவுன்சிலுக்கும் ஒரு மெடிக்கல் ஆபீசர் ஆஃப் ஹெல்த், அதாவது ஊர் சுகாதாரத்துக்குப் பொறுப்பான டாக்டர், அவருக்குக் கீழ சானிட்டரி இன்ஸ்பெக்டர். நம்ம முனிசிபாலிட்டில இன்னிக்கும் கேக்குற அதே பேர்தான், அங்க 1956ல பப்ளிக் ஹெல்த் இன்ஸ்பெக்டர்னு மாத்திட்டாங்க. சின்ன ஊருக்குத் தனியா ஒரு டாக்டர வைக்கக் கட்டுப்படியாகாது, அதனால ஒரே டாக்டர் பக்கத்துல இருக்குற நாலு ஊருக்கும் சேத்துப் பாப்பாரு, தெருத்தெருவா நடந்தது இன்ஸ்பெக்டர்தான்.

1948 ஜூலை 5ல என்ன நடந்துச்சுன்னா, ஆஸ்பத்திரியெல்லாம் அரசாங்கத்துக்குப் போச்சு, பிள்ளைப்பேறு பாக்குறது, குழந்தை கிளினிக், தடுப்பூசி இதெல்லாம் கவுண்டி கவுன்சிலுக்கு, அதாவது மாவட்ட அளவுல இருந்த பெரிய கவுன்சிலுக்குப் போச்சு. அர்பன் டிஸ்ட்ரிக்ட் கைல மிஞ்சினது சாக்கடை, கக்கூஸ், குப்பை, ஈரம் ஊறின வீடு, கசாப்புக் கடை, பால், ஐஸ்கிரீம், புகை. மருந்து சம்பந்தப்பட்டதெல்லாம் மேல போயிடுச்சு, நோய் வராம தடுக்குற அழுக்கு வேலை பூரா பணமில்லாத சின்ன கவுன்சில் தலைல நின்னுடுச்சு. டாக்டர் ஃபீஸ ஒரே நாள்ல ஒழிக்க முடிஞ்சது, கக்கூஸ வீட்டுக்குள்ள கொண்டுவர இருவத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. இத கட்டுரைல நான் சொல்லியிருக்கணும், சொல்லல.

பணம் எவ்வளவு கம்மின்னு அந்த ஹெல்த் ஆபீசர் ரிப்போர்ட்டோட மொதல் பக்கமே சொல்லிடும். ஊர் எத்தன ஏக்கர், எத்தன வீட்டுல ஆள் இருக்காங்க, அப்புறம் ஒரு பென்னி ரேட் போட்டா எவ்வளவு வசூலாகும்னு ஒரு வரி. வீட்டு வரில ஒரு பவுண்டு மதிப்புக்கு ஒரு பென்னி கூட்டினா வருஷத்துக்கு எவ்வளவு கிடைக்கும்ங்கறதுதான் அது. பஞ்சாலைய நம்பி வாழ்ந்த ஊர்ல வீடெல்லாம் சின்னச்சின்ன வீடு, மதிப்பும் கம்மி, அந்த ஒரு வரியப் பாத்தாலே இந்த ஊரால என்ன முடியும் என்ன முடியாதுன்னு தெரிஞ்சிடும். டாக்டர் எத்தன பக்கம் எழுதினாலும் கடைசில கவுன்சிலர்ங்க அந்தப் பென்னியத்தான் பாப்பாங்க.

உங்க செங்கல் ரூமுக்கு வரேன். அந்தப் பக்கத்துல மூணு வகை இருந்துச்சு. ரொம்பப் பழசு வாளி வச்சது, நம்ம ஊர் எடுப்பு கக்கூஸ் மாதிரி. பின்சந்துச் சுவத்துல முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னக் கதவு இருக்கும், அது வழியா கவுன்சில் ஆளுங்க வாளிய இழுத்து எடுத்துட்டுப் போவாங்க. புதுசு, தொட்டி வச்சு சங்கிலி இழுக்குறது, நல்ல தண்ணில அடிச்சுப் போகும், பாட்டி சொல்ற பைப்பும் விளக்கும் அதுக்குத்தான். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு, லங்காஷயர்லதான் அதிகம், டிப்ளர்னு பேரு. அடுப்படி சிங்க்ல பாத்திரம் கழுவுன தண்ணி, துணி அலசுன தண்ணி எல்லாம் பூமிக்கடியில ஒரு சாயுற தொட்டில போய் சேரும், தொட்டி நெறைஞ்சதும் பாரம் தாங்காம தானா கவுந்து தடதடன்னு கக்கூஸுக்கு அடியில இருக்குற குழாய அடிச்சுட்டுப் போகும். நல்ல தண்ணி ஒரு சொட்டு செலவில்ல, அந்தக் காலத்துக்கு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனா எப்ப கவுரும்னு யாருக்கும் தெரியாது, நீங்க உக்காந்திருக்கும்போதே கவுரும், கீழ ஆழமான இருட்டுக் குழி, திடீர்னு சத்தம், சின்னப் பிள்ளைங்க பயந்து அழும். அடைச்சுக்கிட்டா முத்தத்தத் தோண்டித்தான் எடுக்கணும். வருஷாவருஷம் ரிப்போர்ட்ல ஒரு பட்டியல் வரும், வாளி இத்தன, டிப்ளர் இத்தன, நல்ல தண்ணி கக்கூஸ் இத்தன, இந்த வருஷம் மாத்தினது இத்தன. பாக்க வெறும் எண்தான், ஆனா ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாடியும் ஒரு இன்ஸ்பெக்டர் ஒரு வீட்டுக்காரன்கிட்ட எத்தனையோ தடவ நடந்திருக்கான்.

சரி ஏன் இவ்வளவு லேட்டு? எனக்குக் கோவம் வர்ற இடம் இதுதான். ஒரு வீடு மனுஷன் வாழத் தகுதியில்லாததுன்னு எப்ப சொல்லலாம்னு 1957 ஹவுசிங் ஆக்ட்ல ஒரு வரையறை இருக்கு. ரிப்பேர், சுவரு நிக்குதா, ஈரம், வெளிச்சம், காத்து, தண்ணி, சாக்கடையும் கக்கூஸும், சமைக்கவும் சாமான் வைக்கவும் வசதி. அதுல குளிக்கற தொட்டி கிடையாது. சுடுதண்ணி கிடையாது. கக்கூஸ் வேணும், ஆனா வீட்டுக்குள்ளதான் இருக்கணும்னு கிடையாது. அதாவது உங்க பாட்டி 1964ல பனிய மிதிச்சுட்டு ராத்திரி வெளிய போனாங்க பாருங்க, அந்த வீடு சட்டப்படி நல்ல வீடு. இன்ஸ்பெக்டர் மனசு வச்சாலும் அந்த ஒரு காரணத்துக்காக வீட்டுக்காரன அவனால ஒண்ணும் பண்ண முடியாது. 1951 சென்ஸஸ்ல பிரிட்டன்ல நூத்துக்கு 37 குடும்பத்துக்கு வீட்டுல நிலையாப் பொருத்தின குளியல் தொட்டியே கிடையாது, முத்தத்து ஆணில தொங்குற தகரத் தொட்டிய வாரத்துக்கு ஒருதடவ கணப்புக்கு முன்னாடி எறக்கிப் போட்டு, ஒரே தண்ணில ஒருத்தர் மாத்தி ஒருத்தர் குளிச்சாங்க.

1959ல ஒரு நல்ல காரியம் நடந்துச்சு, ஸ்டாண்டர்ட் கிராண்ட்னு ஒரு மானியம் கொண்டு வந்தாங்க. குளியல் தொட்டி, கைகழுவுற பேசின், சுடுதண்ணி, கக்கூஸ், சாப்பாட்டு அலமாரி, இந்த அஞ்சும் வைக்கறதுக்கு பாதிச் செலவு, அதிகபட்சம் 155 பவுண்டு, தகுதி இருந்து கேட்டா கவுன்சில் குடுத்தே ஆகணும். சொந்த வீட்டுல இருந்தவங்க ஓடி வந்து வாங்கினாங்க, வாடகைக்கு விட்டவங்க அவ்வளவா வரல, மீதிப் பாதிய தன் கையிலேர்ந்து போட அவங்களுக்கு என்ன தலையெழுத்து. இன்னொரு கண்டிஷனும் இருந்துச்சு, வீடு இன்னும் 15 வருஷமாவது நிக்கும்னு இருக்கணும். இடிக்கப் போற லிஸ்ட்ல தெரு வந்துட்டா கிராண்ட் கிடையாது, ஆனா இடிக்கறதுக்கு வருஷக்கணக்கா ஆகும், அதுவரைக்கும் யாரும் ஒரு பைசா போட மாட்டாங்க, அந்த நடு வருஷங்கள்ல அங்க பொறந்து வளந்த பிள்ளைங்க பாவம்.

இது வெறும் வசதிப் பிரச்சனைன்னு நெனச்சுடாதீங்க. 50கள்ல இங்கிலாந்து பள்ளிக்கூடங்கள்ல சோன் டிசென்ட்ரின்னு ஒரு சீதபேதி அலை அலையா வந்துச்சு. சாவு கம்மி, ஆனா பரவுற வேகம் ஜாஸ்தி. கக்கூஸ் சீட்டு, சங்கிலிப் பிடி, கழுவாத கை, வழி அவ்வளவுதான். மைதானத்தோட மூலைல கக்கூஸ், பக்கத்துல சுடுதண்ணியும் இல்ல சோப்பும் இல்லன்னா அஞ்சு வயசுப் பிள்ளை ஜனவரில கை கழுவுமா? டிப்தீரியாவ, அதாவது தொண்டை அடைப்பான் நோய, ஊசி போட்டு ஒழிச்சுட்டாங்க, பிரிட்டன்ல 1940ல 61,000 பேருக்கு மேல வந்து 3,283 பேர் செத்தாங்க, 1957ல வெறும் 38 பேருக்கு வந்து 6 பேர் செத்தாங்க. சோனுக்கு அப்படி ஊசி கிடையாது. அதுக்கு குழாயும் சோப்பும்தான் மருந்து, அத வாங்கிப் போட வேண்டிய இடத்துல இருந்தவங்ககிட்டதான் காசு இல்ல.

அதே இன்ஸ்பெக்டர் வேலைதான் புகையும். 1952 டிசம்பர்ல லண்டன் புகைமூட்டத்துல ஆயிரக்கணக்குல ஜனங்க செத்தப்புறம் 1956ல கிளீன் ஏர் ஆக்ட் வந்துச்சு. வெள்ளைலேர்ந்து கறுப்பு வரைக்கும் படிப்படியா கட்டம் போட்ட ஒரு அட்டை இருக்கும், ரிங்கெல்மன் சார்ட்டுனு பேரு, அத வச்சுக்கிட்டு தெருமுனைல நின்னு மில்லு புகைபோக்கிய அண்ணாந்து பாத்து, வர்ற புகை எந்தக் கட்டத்துக் கறுப்புன்னு நோட்டுல குறிப்பாங்க. வீட்டுப் புகைக்கும் தடை போடலாம், அடுப்ப மாத்துற செலவுல பத்துல ஏழு பங்கு வீட்டுக்காரங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். கவனிச்சீங்களா, அடுப்புக்கு பத்துல ஏழு, கக்கூஸுக்கு பாதி. லண்டன் புகை பார்லிமென்ட் ஜன்னல்லயே போய் மோதுச்சு. லங்காஷயர் பின்முத்தம் அங்கேர்ந்து ரொம்ப தூரம்.

1962 பாக்சிங் டே அன்னிக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆரம்பிச்ச பனி மார்ச் வரைக்கும் விடல. அந்த வருஷம் வெளிக்கக்கூஸ் வச்சிருந்த தெருக்கள்ல பைப் உறைஞ்சு வெடிச்சு, வாளில தண்ணி காய வச்சு ஊத்தித்தான் சமாளிச்சிருக்காங்க. பாட்டி வந்தது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, அந்த விளக்க எதுக்கு அவ்வளவு கண்டிப்பா ஏத்தி வச்சிருப்பாங்கன்னு இப்ப எனக்குப் புரியுது.

உங்களால முடிஞ்சா ரெண்டு விஷயம் பாத்து எழுதுங்க. பின்சந்துல நின்னு உங்க சுவத்தப் பாருங்க, கீழ செங்கல் வச்சு அடைச்ச சதுரம் ஏதாவது தெரியுதா? கரி போடுற கதவாவும் இருக்கலாம், ஆனா அது பெரும்பாலும் கொஞ்சம் மேல இருக்கும். சிங்க் இருந்த பக்கத்துலேர்ந்து செங்கல் ரூம் வரைக்கும் முத்தத்துல பெரிய கல்லு மூடி இருந்தா டிப்ளர் தொட்டி அதுக்குக் கீழதான் இருந்திருக்கும், திறந்து பாக்குறேன்னு எறங்கிடாதீங்க. ரிப்போர்ட் படிக்க ஆசைன்னா பிரெஸ்டன்ல லங்காஷயர் ஆர்கைவ்ஸ் இருக்கு, ஊர் பேரும் வருஷமும் சொல்லிக் கேளுங்க.

முக்கியமா பாட்டிகிட்ட கேளுங்க, வீட்டுக்குள்ள கக்கூஸ் எந்த வருஷம் வந்துச்சு, அதுக்காக எந்த ரூம விட்டுக் குடுத்தாங்க, கிராண்ட் வாங்கினாங்களா, மொத நாள் ராத்திரி எப்படி இருந்துச்சுன்னு. அவங்க சொல்றத அவங்க வார்த்தைலயே எழுதி அனுப்புங்க, இங்க போடுறேன்.

அன்புடன்,
அக்கா