போனில் நன்றாகத்தான் பேசுகிறார், பிறகு என்ன?

அம்மாவுக்கு 74 வயது, தனியாக இருக்கிறார், தினமும் பேசுகிறோம், பேச்சில் ஒரு குறையும் தெரியவில்லை, வீட்டில் உதவி தேவையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், போனை நம்பாதீர்கள். என் அப்பாவும் இரண்டு வருடம் போனில் நன்றாகத்தான் இருந்தார். பத்து நிமிடப் பேச்சை யாரும் சமாளித்துவிடுவார்கள்.

நான்கு நாள் போய்த் தங்கினபோது, மூன்றாவது நாள்தான் மாத்திரை அட்டை கண்ணில் பட்டது. பிரஷர் மாத்திரை, தினம் ஒன்று, வாங்கி 20 நாள் ஆகியிருந்தது, பிரித்தது ஆறுதான். பக்கத்திலேயே இரண்டு பில், உறைகூடக் கிழிக்காமல். வரவு செலவை ஒரு நாள் விடாமல் நோட்டில் எழுதி வைக்கிற மனிதர் அவர்! வீடு கலைந்து கிடப்பது பெரிய விஷயமில்லை, சிலர் வீடு எப்போதுமே அப்படித்தான். அவர் முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார், அதைத்தான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் பணக் கணக்கு, மருந்து, கடைக்குப் போய் வருவது இதெல்லாம்தான் முதலில் தடுமாறும். குளிப்பது, உடுத்துவது பிறகுதான். அதனால் "தானே குளிக்கிறாரே" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், நான் இருந்தேன்.

அடுத்தது நடை. சுவரையும் நாற்காலி முதுகையும் பிடித்துப் பிடித்துப் போகிறாரா? கையில் கன்றிப்போன இடம் இருந்தால் "மேஜை இடிச்சுது" என்பார்கள், விழுந்ததைச் சொல்லவே மாட்டார்கள். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு இரண்டு மடங்கு. டாக்டர்கள் செய்கிற எளிய சோதனை ஒன்று உண்டு: நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும், 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று அர்த்தம். அப்பாவுக்கு 17 ஆனது. "எனக்கு என்ன பரிசு?" என்று கேட்டார்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பமாகப் பேச ஆரம்பித்தால் அது வயசு இல்லை. சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் வற்றுவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம், அன்றே டாக்டரிடம் போக வேண்டும். மெதுவாக வருகிற மறதிக்கும் நாமே பெயர் வைத்துவிடக் கூடாது. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இதெல்லாம்கூட அப்படிக் காட்டும். காது சரியாகக் கேட்காதவரையும் மறதிக்காரர் என்று நினைத்துவிடுகிறோம்.

சரி, இதை அவரிடம் எப்படிச் சொல்வது? "இனிமேல் உங்களால் முடியாதுப்பா" என்று நான் ஆரம்பித்தேன், இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அப்புறம் "எந்த வேலை ரொம்ப எரிச்சலா இருக்கு?" என்று கேட்டேன். உடனே, "அந்த பில் கட்டுறதுதான்" என்றார். அங்கிருந்து தொடங்கினோம். பிறகு கிழமைவாரியாக அறை பிரித்த மாத்திரை டப்பா, பாத்ரூமில் கைப்பிடி, ராத்திரி வழியில் ஒரு சின்ன விளக்கு. கைப்பிடிக்குத்தான் பெரிய சண்டை.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஒருவர் வந்து போகிறார். ஆளே வேண்டாம் என்று நின்ற அப்பா, போன வாரம் அவர் அரை மணி நேரம் தாமதமாக வந்தார் என்று எனக்குப் போன் போட்டுப் புகார் சொன்னார்.