மாட்டின் முதுகு 104 காட்டினால் காய்ச்சலா?

கேள்வி: வாழப்பாடி பக்கம் இரண்டு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடுகள் வைத்திருக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு லேசர் தெர்மாமீட்டரை ஒரு மாட்டின் முதுகில் காட்டினால் கறுப்புப் பகுதியில் 104, வெள்ளையில் 97 பாரன்ஹீட் வருகிறது. பாலும் குறைந்துவிட்டது. காய்ச்சல் ஊசி போடலாமா?

பதில்: ஊசிக்கு அவசரப்படாதீர்கள். அந்தக் கருவி சொல்வது தோலின் சூட்டை மட்டும்தான். கறுப்பு முடி வெயிலைக் கூடுதலாக வாங்கும். அதனால்தான் ஒரே மாட்டில் இரண்டு அளவு. உடம்புச் சூட்டைப் பார்க்க, சாதாரணத் தெர்மாமீட்டரை ஆசனவாயில் உள்சுவரைத் தொடும்படி சாய்த்து வைத்துப் பாருங்கள். 101.5 ஒட்டி இருந்தால் கவலையில்லை. 103-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

அதற்காகத் தோல் சூடு வீண் கணக்கு இல்லை. தின்ற தீவனம் வயிற்றில் நொதிக்கும்போது உண்டாகும் சூட்டில் பெரும்பகுதி தோல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நிழலில் கட்டிய மாட்டின் தோல் 95-க்குள் இருந்தால் சூடு தானாக வெளியேறும். அதற்கு மேல் போனால் வேர்த்தும் மூச்சிரைத்தும்தான் மாடு ஆற முடியும். எனவே விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால் வெப்ப அயர்ச்சி. வாயைத் திறந்து எச்சில் ஒழுக நின்றால் நிலைமை மோசம்.

காய்ச்சலா வெயிலா என்று பிரிக்க ஒரு வழி: விடியற்காலையில் ஆசனவாயில் மறுபடி சூடு பாருங்கள். வெயிலால் ஏறிய சூடு பெரும்பாலும் இரவில் இறங்கிவிடும். விடிந்தும் 103-க்கு மேலேயே நின்று, பக்கத்து மாடு நன்றாக இருந்தால், அது நோயாக இருக்கலாம். கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்குப் போன் போடுங்கள்.

உங்கள் லேசர் கருவிக்கு இன்னும் நல்ல வேலை ஒன்று உண்டு. மதியம் கொட்டகைக்குள் நின்று அதைக் கூரையின் அடிப்பக்கம் காட்டுங்கள். தகரமோ சிமென்ட் ஷீட்டோ, வரும் எண்ணைப் பார்த்தால் மாடு ஏன் தவிக்கிறது என்று புரியும். மேலே தென்னங்கீற்று பரப்புங்கள், அல்லது சுண்ணாம்பு அடியுங்கள். ஏற்காட்டில் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடு குறைவு. கீழே சேலத்து ஏப்ரல், மே மாதங்களில் கூரையைக் கவனிக்காமல் எதைச் செய்தாலும் பாதிப் பலன்தான்.

தண்ணீர் தெளிப்பதில் பலரும் தவறுகிறார்கள். முடி நுனியில் நிற்கும் பனிச்சாரல் போதாது, தோல் வரை நனைய வேண்டும். நனைத்ததும் ஃபேன் போடுங்கள். உலர்ந்ததும் மறுபடி நனையுங்கள். காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் சும்மா தெளித்துக்கொண்டே இருந்தால் புழுக்கம்தான் மிஞ்சும். குடிதண்ணீர் தொட்டி நிழலில், எந்நேரமும் நிறைந்திருக்கட்டும்.

தீவனத்தை விடியற்காலையிலும் இரவிலும் கூடுதலாகப் போடுங்கள். வேர்வையில் உப்பு போகிறது, அதனால் தாது உப்பை நிறுத்தாதீர்கள்.

பால் விஷயம்: இன்றைய குறைவு பெரும்பாலும் இரண்டு நாளைக்கு முந்தைய வெயிலின் கணக்கு. இன்று நனைத்துவிட்டு நாளைக்கே சொசைட்டி அளவு ஏறவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.