அமேடியஸ் குவார்டெட்: நாற்பது வருடம், அதே நான்கு பேர்

லண்டனில் உருவான நால்வர் இசைக்குழு அமேடியஸ் குவார்டெட் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். இத்தனை வரும் என்று எதிர்பார்க்கவில்லை, மனம் நிறைந்துவிட்டது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

குவார்டெட் என்றால் ஒருவர் வாசிக்க மூவர் பக்கவாத்தியமா? (மேற்கத்திய இசைக்குப் புதியவர்)

இல்லை. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. வயோலா வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரலும் தாழ்ந்தது. நான்கு பேருக்கும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுப்பார். எதிரே கோலோடு நின்று நடத்த ஆள் கிடையாது. மூச்சும் கண்ணசைவும்தான் தாளம் பிடிக்கும். அதனால்தான் யார் யாரோடு எத்தனை காலம் வாசித்தார்கள் என்பது இந்த இசையில் இவ்வளவு முக்கியம்.

நால்வரில் மூவர் அகதிகள் என்று படித்தேன். எப்படிச் சந்தித்தார்கள்? (வரலாற்று ஆசிரியை)

இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

நார்பர்ட் பிரைனின், சீக்முண்ட் நிசல், பீட்டர் ஷிட்லாஃப் மூவரும் யூதர்கள். பிரைனின் வியன்னாவில் பிறந்தவர். ஷிட்லாஃப் அதன் அருகே ஒரு சிற்றூர்க்காரர். நிசல் பிறந்தது மியூனிக், வளர்ந்தது வியன்னா. 1938ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய பிறகு மூவரும் பதின்வயதில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள்.

1940ல் பிரிட்டன் என்ன செய்தது தெரியுமா? ஜெர்மானிய, ஆஸ்திரியப் பிரஜைகளை ‘எதிரி நாட்டவர்’ என்று முகாம்களில் அடைத்தது. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த பையன்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். ஷ்ராப்ஷர் பகுதியின் ப்ரீஸ் ஹீத் முகாமில் பிரைனினும் ஷிட்லாஃபும் பழக்கமானார்கள். அப்புறம் ஷிட்லாஃபை ‘ஐல் ஆஃப் மேன்’ தீவு முகாமுக்கு மாற்ற, அங்கே நிசல். விடுதலையான பிறகு ஷிட்லாஃப்தான் நிசலைப் பிரைனினிடம் அழைத்துப் போனார். போர் முடியும்வரை பிழைப்புக்கு வேறு வேலை. பிரைனின் உலோகப் பட்டறையில் இருந்தார்.

மூவருக்கும் ஆசிரியர் மாக்ஸ் ரோஸ்டால், அவரும் அகதிதான். இந்தப் பையன்களிடம் அவர் கட்டணம் வாங்கவில்லை. அந்த ஒரு மனிதரின் பெரிய மனசு இல்லையென்றால் இன்று நாம் இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

நான்காமவர்?

மார்ட்டின் லவெட், லண்டன் பையன். அப்பாவும் செல்லோ வாசிப்பவர். குழுவில் சேர்ந்தபோது லவெட்டுக்கு வயது இருபதுதான்.

மூன்று வயலின்காரர்கள் இருந்தால் வயோலா யார்? (வயலின் மாணவி)

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். பிரைனின் முதல் வயலின், நிசல் இரண்டாம் வயலின். ஷிட்லாஃப் வயலினை விட்டு வயோலாவுக்கு மாறினார். வயலின்காரனாக வளர்ந்தவனுக்கு அது சின்ன விட்டுக்கொடுத்தல் இல்லை. ஆனால் குழுவின் ஒலிக்கு அந்தக் கனிந்த அடர்த்தியைக் கொடுத்தது அவர் என்பதே என் எண்ணம். பின்னாளில் அவர் வாசித்தது இத்தாலியின் புகழ்பெற்ற வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்த, ‘மெக்டொனால்ட்’ என்று பெயர் பெற்ற வயோலா. ஸ்ட்ராடிவாரி செய்த வயோலாக்களில் இன்று மிஞ்சியிருப்பது பத்துச் சொச்சம்தான். 2014ல் அதைக் குறைந்தது 4.5 கோடி டாலர் கேட்டு விற்பனைக்கு வைத்தார்கள். அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை.

‘அமேடியஸ்’ என்ற பெயர் மோட்ஸார்ட்டினுடையதுதானே?

ஆமாம், நிசல் சொன்ன யோசனை. முதலில் ‘பிரைனின் குவார்டெட்’ என்றுதான் இருந்தது. 1947 கோடையில் இங்கிலாந்தின் டார்ட்டிங்டன் ஹாலில் அந்தப் பெயரில் வாசித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இசையமைப்பாளர் கஸ்டவ் ஹோல்ஸ்டின் மகள் இமோஜன் ஹோல்ஸ்ட் ஒருவர். லண்டன் விக்மோர் ஹாலில் கச்சேரி வைக்கத் தன் பணம் 100 பவுண்டைக் கொடுத்தார். 1948 ஜனவரி 10 அன்று, புதுப் பெயரோடு, அரங்கம் நிறைந்தது. அன்று தொடங்கிய ஓட்டம் 1987வரை நிற்கவில்லை.

குடும்பத்தைத் துரத்திய நாட்டின் கம்பெனிக்கே எப்படிப் பதிவு செய்தார்கள்?

இதை மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். 1950லேயே அவர்கள் பெர்லின் வானொலிக்காக வாசித்திருக்கிறார்கள். பிறகு மஞ்சள் லேபிள் ஒட்டிய ஜெர்மன் இசைத்தட்டு நிறுவனம் டாய்ச் கிராமபோன்தான் அவர்களுடைய வீடு. கொலோன் இசைக் கல்லூரியில் பாடமும் நடத்தினார்கள். ஆரின் குவார்டெட் அவர்களிடம் படித்ததுதான். ஹைடன், மோட்ஸார்ட், பேத்தோவன், ஷூபர்ட் எல்லாம் அவர்கள் பிள்ளைப் பருவத்துச் சொத்து, அதை ஹிட்லருக்கு எழுதிக்கொடுக்க அவர்களுக்கு மனமில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? (பலர்)

ஷூபர்ட்டின் சி மேஜர் குயின்டெட், அதாவது ஐந்து பேர் வாசிப்பது. இரண்டாவது செல்லோ ஒன்று கூடுதலாகச் சேரும். இதை அவர்கள் ஒருமுறைக்கு மேல் பதிவு செய்ததால் வாங்கும்போது குழப்பம் வரும். அட்டையில் இரண்டாம் செல்லோக்காரர் பெயரைப் பாருங்கள். வில்லியம் ப்ளீத் என்றால் முந்தைய பதிவு, ராபர்ட் கோஹன் என்றால் எண்பதுகளின் பதிவு. ப்ளீத்தோடு வாசித்த அறுபதுகளின் ஸ்டீரியோ பதிவை நான் தேய்த்தே விட்டேன். இரண்டாவது எல்பி வாங்க வேண்டியதாயிற்று.

அடுத்து, எமில் கிலெல்ஸ் பியானோவோடு ஷூபர்ட்டின் ‘ட்ரவுட்’ குயின்டெட், 1975. சோர்ந்த நாளில் கேளுங்கள். பிராம்ஸ் பிடிக்கும் என்றால் கார்ல் லைஸ்டரோடு கிளாரினெட் குயின்டெட். மோட்ஸார்ட்டின் ஜி மைனர் குயின்டெட்டில் இரண்டாம் வயோலா செசில் அரொனோவிட்ஸ், அதை மட்டும் அவசரத்தில் கேட்காதீர்கள்.

பேத்தோவன் முழுத்தொகுப்பு தேறுமா? பிரைனினின் வாசிப்பு இனிப்பு அதிகம் என்கிறார்களே? (பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்)

குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை உண்டு. பிரைனின் விரலை அசைத்து ஸ்வரத்தை நடுங்கவைக்கும் விதம் அகலமானது. முதல் வயலின் முன்னால் நிற்கும் பழைய வியன்னாப் பாணி அது. 1959க்கும் 1963க்கும் இடையே பதிவான அந்தத் தொகுப்பில் ஓபஸ் (படைப்பு எண்) 18ம் 59ம் எனக்கு உயிர். கடைசிக் குவார்டெட்டுகளில் கடுமையும் தனிமையும் தேடுகிறவர்கள் புஷ் குவார்டெட்டையோ வேக் குவார்டெட்டையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அதற்காக இதைத் தள்ளிவிடாதீர்கள். ஓபஸ் 130ல் ‘கவட்டினா’ என்ற மெதுவான பகுதி பாட்டாகவே ஒலிக்கும், அங்கே அந்த இனிப்பு தேவைதான்.

நவீன இசையே வாசிக்கவில்லையா?

குறைவு, ஆனால் உண்டு. பெர்லின் வானொலிப் பதிவுகளில் இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்கள் பார்டோக், டிப்பெட், சைபர் எல்லாம் கிடைக்கும். ஆனால் முக்கியமானது ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் மூன்றாம் குவார்டெட். 1975ல், இதய நோயோடு இருந்தபோது எழுதியது. கடைசிப் பகுதியை வெனிஸில் முடித்தார். 1976 செப்டம்பரில் இந்த நால்வரும் அவர் வீட்டுக்கே போய் வாசித்துக் காட்டினார்கள். டிசம்பர் 4ல் அவர் இறந்தார். 19ஆம் தேதி ஸ்னேப் மால்டிங்ஸ் அரங்கில் அரங்கேற்றம். கடைசி ஸ்வரக்கோவை ஓரிடத்தில் வந்து அமராமல், கேள்வி மாதிரி தொங்கி நிற்கும். அப்படி முடியும் ஒன்றை அந்த அரங்கில் அன்று வாசித்து முடித்த நால்வரை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

1987ல் ஏன் நிறுத்தினார்கள்? புது ஆளைச் சேர்த்திருக்கலாமே?

மற்றவர்கள் சேர்த்திருக்கிறார்கள். புடாபெஸ்ட் குவார்டெட்டில் ஆள் மாறி மாறி, கடைசியில் ஹங்கேரிக்காரர் ஒருவர்கூட இல்லை. அமேடியஸில் அது நடக்கவில்லை. 1987 ஆகஸ்டில் ஷிட்லாஃப் மாரடைப்பில் இறந்தார், குழுவும் அன்றோடு முடிந்தது. மற்ற மூவரும் இளைஞர்களுக்குக் கற்பித்தார்கள். பிரைனின் 2005லும், நிசல் 2008லும், லவெட் 2020லும் மறைந்தார்கள்.

எனக்கு இரண்டாம் வயலின் காதிலேயே விழுவதில்லை. நிசல் என்னதான் செய்தார்? (அதே வயலின் மாணவி)

முதலில் சொன்ன ஷூபர்ட் குயின்டெட்டின் இரண்டாம் பகுதியைப் போடுங்கள், ஹெட்போனில். மேலே பிரைனின் சின்னச் சின்னத் துளியாக விடுவார். கீழே இரண்டாம் செல்லோ தந்தியை விரலால் சுண்டும். காது இந்த இரண்டுக்கும்தான் ஓடும். இரண்டையும் விட்டுவிட்டு நடுவே கேளுங்கள். வில்லை எடுக்கிறார்களா, போடுகிறார்களா என்றே தெரியாமல் மூன்று பேர் ஒரு நீண்ட பாட்டை இழுத்துக்கொண்டு போவார்கள். அதன் மேல் வரி நிசல்.