ஸ்பெக்ட்ரம் (ரேடியோ அலைவரிசை) காலியா இருக்கான்னு பாக்க ஒரு ரேடியோ போதாதா, எதுக்கு நாலஞ்சு சேரணும்?

கேட்ட தம்பிக்கு பைனல் இயர் ப்ராஜெக்டாம். காக்னிட்டிவ் ரேடியோவுல, அதாவது ஆள் இல்லாத சேனல தானே கண்டுபிடிச்சு பாவிக்கிற ரேடியோவுல, ஒரே நோட (ஒரு ரேடியோவ) கூட நேரம் கேக்க விட்டா பத்தாதா, அப்படி சேர்ந்து சென்ஸ் பண்றதுன்னா ஓஆர் ரூலா (ஒரு நோட் ஆள் இருக்குன்னு சொன்னாலே போதும்), மெஜாரிட்டி ரூலா (பாதிக்கு மேல சொல்லணும்) எதுன்னு கேட்டிருக்கார்.

பத்தாது. நான் இலங்கையில தலவாக்கலை பக்கம், இங்க இருக்கிறவங்களுக்கு இத விளங்கப்படுத்தவே தேவையில்ல. பிதுருதலாகல உச்சியில டிவி டிரான்ஸ்மிட்டர் இருக்கு, 2524 மீட்டர், நாட்டுலயே உயரமான மலை, ஆனாலும் மேல் லயத்துல (தோட்ட வீட்டு வரிசை) பளிச்சுன்னு வர்ற சேனல் கீழ் லயத்துல வெறும் புள்ளி புள்ளியா தான் இருக்கும், நடுவுல ஒரு தேயிலை மேடு மறைக்குது அவ்வளவுதான். இப்ப கீழ் லயத்துல ஒரு காக்னிட்டிவ் ரேடியோ வச்சா அதுக்கு ஒன்னும் கேக்காது, சேனல் காலின்னு நெனச்சு அனுப்ப ஆரம்பிச்சிரும், அதே லயத்துல யாராவது நீட்டு பைப்புல அன்டனாவ ஏத்திக்கட்டி எப்படியோ படம் பாத்துட்டு இருந்தா அவருக்கு படம் போச்சு. இடைஞ்சல் டிரான்ஸ்மிட்டருக்கு இல்ல, டிவி பெட்டிக்கு. பெட்டி எதுவும் அனுப்புறதில்ல, அதனால அது அங்க இருக்குன்னே நம்ம ரேடியோவுக்கு தெரியாது.

சரி, கூட நேரம் கேட்டா? இங்க தான் எல்லாரும் மாட்டுறாங்க. எனர்ஜி டிடெக்டர், அதாவது வர்ற சக்திய மட்டும் அளந்து பாக்குறது, நொய்ஸோட (பின்னணி இரைச்சலோட) அளவு தெரியும்னு நம்பி தான் வேலை செய்யுது, உண்மையில அது சூடு குளிருக்கு ஏத்தமாதிரி கூடும் குறையும். அது 1 டெசிபல் கூடவோ குறையவோ இருக்கலாம்னு வச்சா, எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் நொய்ஸுக்கும் உள்ள விகிதம்) சுமார் மைனஸ் 3.3 டெசிபலுக்கு கீழ போன பிறகு நீங்க விடிய விடிய கேட்டாலும் நம்பிக்கையா கண்டுபிடிக்க ஏலாது. இத தான் எஸ்என்ஆர் வோல், அதாவது சுவர்னு சொல்றாங்க, தாண்ட்ரா, சஹாய்ங்கிற ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேரும் 2008ல எழுதினது. நேரத்தால முடியாதத இடம் செஞ்சிரும், மேட்டுக்கு மேல நிக்கிற இன்னொரு நோடுக்கு அதே சிக்னல் தாராளமா கேக்கும்.

ரூலுக்கு கணக்கு போட்டு பாருங்க. மூணு நோட், ஒவ்வொன்னும் கண்டுபிடிக்க வாய்ப்பு 0.6, ஃபால்ஸ் அலாரம் (காலி சேனல்ல ஆள் இருக்குன்னு தப்பா சொல்றது) 0.1. ஓஆர் போட்டா கண்டுபிடிக்கிறது 0.936 ஆகுது, ஆனா ஃபால்ஸ் அலாரமும் 0.271க்கு ஏறிரும், அதாவது காலியா கிடக்கிற சேனல கால்வாசி நேரத்துக்கு மேல விட்டுட்டு சும்மா இருப்பீங்க. மூணுல ரெண்டுன்னு மெஜாரிட்டி போட்டா ஃபால்ஸ் அலாரம் 0.028 தான், கண்டுபிடிக்கிறது 0.648. எல்லா நோடும் சொன்னா தான் ஆள் இருக்குன்னு எடுக்குற ஏஎன்டி ரூல இந்த வேலைக்கு மறந்துருங்க. டிவி ஆட்கள காப்பாத்துறது தான் முதல் வேலைன்னா என் ஓட்டு ஓஆருக்கு, த்ரெஷ்ஹோல்ட (ஆள் இருக்குன்னு முடிவெடுக்கிற எல்லைய) கொஞ்சம் ஏத்தி வச்சுக்கங்க. ஆனா ஓஆர்ல ஒரு நோட் பழுதாகியோ வேணும்னேவோ எப்பவும் ஆள் இருக்குன்னு பொய் சொன்னா மொத்த நெட்வொர்க்கும் முடங்கிரும், அதுக்கு ஒரு செக் வைக்கணும்.

இந்த கணக்கெல்லாம் நோட்கள் ஒன்னோட ஒன்னு சம்பந்தமில்லாம இருந்தா தான் சரி வரும். கீழ் லயத்துலயே பத்து நோட் வச்சா பத்தும் ஒரே மேட்டுக்கு பின்னால தானே நிக்குது, பத்துக்கும் ஒன்னா கேக்காது. எண்ணிக்கைய கூட்டுறத விட தள்ளி தள்ளி வைக்கிறது தான் முக்கியம், மேல் லயத்துல ஒன்னு, ஸ்டோருக்கு பக்கத்துல ஒன்னு, ஆத்துக்கு அந்தப்பக்கம் ஒன்னுன்னு மூணே போதும்.

நிஜ உலகத்துல என்ன ஆச்சுன்னா, அமெரிக்காவுல ரேடியோ அலைவரிசைகள கட்டுப்படுத்துற எஃப்சிசி 2008ல மைனஸ் 114 டிபிஎம் (ரொம்ப மெல்லிய சிக்னல்) வரைக்கும் கேக்கணும்னு கட்டாயம் போட்டாங்க, 2010ல லொகேஷன் பாத்து, எந்த சேனல் காலின்னு டேட்டாபேஸ்ல கேக்குற டிவைஸுக்கு அந்த கட்டாயத்த எடுத்துட்டாங்க. அதனால சென்சிங் செத்துப்போச்சுன்னு சில பேர் எழுதுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன், காலி டிவி சேனல்கள பாவிக்கிறதுக்குன்னு 2011ல வந்த 802.22 ஸ்டாண்டர்ட்ல டேட்டாபேஸும் இருக்கு, வீட்டு டிவைஸெல்லாம் சென்ஸ் பண்ணி பேஸ் ஸ்டேஷனுக்கு ரிப்போர்ட் குடுக்குற வழியும் இருக்கு.

ப்ராஜெக்ட்டுக்கு ஒன்னு சொல்றேன், மெட்லேப் சாஃப்ட்வேர்ல ஷேடோயிங்க (மேடு மறைச்சு சிக்னல் குறையுறத) ஒவ்வொரு நோடுக்கும் தனித்தனி ரேண்டமா போட்டு அழகான கர்வ் எடுத்துட்டு வந்துராதீங்க, தூரத்த பொறுத்து கோரிலேஷன் (பக்கத்து நோட்களுக்கு ஒரே மாதிரி மறையுறது) வச்சு ஒரு கர்வும் இல்லாம ஒரு கர்வும் ஒரே கிராஃப்ல போடுங்க, வைவால முதல் கேள்வியே அதுவா தான் இருக்கும்.